ஆளறிந்த ஆசான்

கோடை விடுமுறை முடிந்து கல்லூரி திறக்கிறதென்றால், மற்றவர்களுக்குப் புதுப் பாடம், புதுப் புத்தகம், புது முகங்கள். மாலைதோறும் மைதானத்து வேப்பமரத்தடியில் கூடும் எங்கள் கூட்டத்துக்கோ ஒரே கவலைதான். இந்த ஆண்டு கால்பந்து அணிக்கு யார் யார் வருவார்கள்? போளூர்ப் பள்ளியில் இடது காலால் மூலையிலிருந்து கோல் போடுகிற பையன் எங்கே விண்ணப்பம் போட்டிருக்கிறான்? செங்கத்துக் கோல்கீப்பரை விடுதியும் சாப்பாடும் தருவதாகச் சொல்லிச் சென்னைக்காரர்கள் கொத்திக்கொண்டு போய்விட்டார்களாமே, உண்மையா? ஆரணி அண்ணன் தம்பி இருவரில் ஒருவனாவது நமக்கு உண்டா? விளையாட்டு ஒதுக்கீட்டில் எத்தனை இடம்? இப்படியே பேச்சு நீளும். கிளிகள் கூடடையும், அண்ணாமலையின் முகட்டில் வெயில் மங்கும். எங்கள் பேச்சு மட்டும் முடியாது.

நான் ஆடத் தெரிந்தவன் அல்லன். ஆட்டம் பார்க்கத் தெரிந்தவன் என்று பெயர் வாங்கியவன். ஆகவே பெயர்ப்பட்டியல் எழுதும் நோட்டு என் கையில் இருந்தது. யார் பயிற்சிக்கு வந்தார், யார் வரவில்லை, யார் தேறுவார், யார் தேறார் என்று குறித்து உடற்கல்வி இயக்குநரிடம் கொடுப்பது என் வேலை. அந்த நோட்டில் நான் ஒரு முறை அடித்த ஒரு கோட்டைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு நாள் பேச்சு அதிர்ஷ்டத்தைப் பற்றித் திரும்பியது. நம் ஊருக்கு 1896ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் வந்து சேர்ந்த ரமண மகரிஷி, மதுரையில் வேங்கடராமனாகப் பள்ளியில் படித்த காலத்தில் கால்பந்து ஆடியவர். அவர் எந்தப் பக்கம் சேர்கிறாரோ அந்தப் பக்கமே வெல்லும் என்பதால் தோழர்கள் அவருக்குத் தங்கக்கை என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். நம் அணிக்கும் அப்படி ஒரு தங்கக்கை கிடைத்தால் போதும் என்று ஒரு நண்பர் பெருமூச்சு விட்டார். அப்போது வழக்கம்போல் மைதானத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்த, ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் எங்கள் அருகில் வந்து அமர்ந்தார். தங்கக்கைக்காக நாங்கள் காத்திருக்கிறோமே, வெறுங்கால்களைத் தங்கமாக்கிய ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைப் பற்றி எங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. சையத் அப்துல் ரஹீம் என்ற பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது அன்றுதான். அதன்பின் நான் தேடிப் படித்தவற்றையும் அவர் சொன்னவற்றையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

ரஹீம் 1909ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள், நிஜாம் ஆட்சியில் இருந்த ஐதராபாத்தில் பிறந்தார். உருது மொழியையே பயிற்று மொழியாகக் கொண்டு 1918இல் தொடங்கப்பட்ட உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் கல்லூரிப் படிப்பை முடித்தார். அங்கே கால்பந்து அணியிலும் ஆடினார். பட்டம் பெற்றபின் அவர் தேடிக்கொண்டது ஆசிரியர் தொழில். காச்சிகுடா நடுநிலைப்பள்ளி தொடங்கி ஐதராபாத்துப் பள்ளிகள் பலவற்றில் பாடம் நடத்தினார். பிறகு உடற்கல்வியிலும் பட்டயம் பெற்று, பள்ளி மைதானத்தையே தம் வகுப்பறையாக்கிக் கொண்டார். ஊரார் அவரை ரஹீம் சாகிப் என்று மரியாதையாக அழைத்தார்கள். இந்தியாவின் தலைசிறந்த கால்பந்துப் பயிற்சியாளர் அடிப்படையில் நம் பேராசிரியர்களைப் போல் ஓர் ஆசிரியர் என்பதை நாம் மறக்கக்கூடாது. அவருடைய வெற்றிகளுக்கெல்லாம் வேர் அங்கேதான் இருக்கிறது.

1940களில் ஐதராபாத் கால்பந்துக் கழகத்தின் செயலாளர் பொறுப்பு அவரிடம் வந்தது. 1950இல் ஐதராபாத் நகரக் காவல் துறை அணியின் பயிற்சியாளரானார். அந்த அணி 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. காவல் துறை அணியில் இடம் கிடைத்தால் காவலர் வேலையும் கிடைக்கும். ஆகவே ஒரு பையனை அணிக்கு எடுப்பது என்றால், ஒரு குடும்பத்துக்கு அடுப்பெரிய வழி செய்வது என்று பொருள். ஆட்டக்காரனைத் தேர்ந்தெடுப்பவன் கையில் எத்தனை பேருடைய சோறு இருக்கிறது என்பதை ரஹீம் சாகிப் அறிந்திருந்தார்.

அக்காலத்தில் ஆள் சேர்ப்பில் கல்கத்தாவை மிஞ்ச யாருமில்லை. அங்குள்ள பெரிய கழகங்கள் நாடெங்கும் ஆள் அனுப்பி ஆட்டக்காரர்களை அழைத்துச் செல்லும். ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் முன்வரிசையில் ஆடிய அகமது கான், அப்பாராவ், வெங்கடேஷ், தன்ராஜ், சாலே ஆகிய ஐவரையும் வங்காளத்து ரசிகர்கள் பஞ்ச பாண்டவர் என்று கொண்டாடினார்கள். அந்த ஐவரும் தென்னாட்டவர்கள். அவர்கள் ஆடிய காலத்தில் அக்கழகம் 1949, 1950, 1951 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றது. நல்ல ஆட்டக்காரர்களைச் சென்னை கொத்திக்கொண்டு போகிறது என்று நாம் இன்று புலம்புகிறோம். அன்று தென்னாடு முழுவதும் கல்கத்தாவைப் பார்த்து அப்படித்தான் புலம்பியிருக்கும்!

ரஹீம் சாகிப் புலம்பிக்கொண்டிருக்கவில்லை. ஒருவன் போனால் இன்னொருவனை உருவாக்கினார். பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு எதிரியை ஏய்த்து ஓடுவதுதான் அன்று அழகு எனப்பட்டது. அவரோ அதற்குத் தடை விதித்தே போட்டிகள் நடத்தினார். பந்து வந்ததும் உடனே அடுத்தவனுக்குத் தட்டிவிட வேண்டும். பழக்கமில்லாத காலால் மட்டுமே ஆட வேண்டும் என்றும் பயிற்சி கொடுத்தார். வலக்கால் வல்லவனுக்கு இடக்காலும், தனியாக ஓடுபவனுக்குத் தோழனின் இருப்பிடமும் இப்படித்தான் பழகின.

அவர் ஆள் எடுத்த விதத்துக்கு ஒரு சான்று துளசிதாஸ் பலராம். செகந்திராபாத் அருகே அம்முகூடா என்ற சிற்றூரில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். மிகவும் ஏழைக் குடும்பம். கழித்துப் போட்ட பழைய போலீஸ் பூட்ஸைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து ஆட்டத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டு ஆடிய பிள்ளை என்பார்கள். செகந்திராபாத்தில் ஓர் ஆட்டத்தில் அவரைப் பார்த்த ரஹீம் சாகிப், சந்தோஷ் கோப்பைக்கான ஐதராபாத் அணித் தேர்வுக்கு வரச் சொன்னார். அத்தனை தூரம் நாள்தோறும் வந்துபோகக் கையில் காசில்லை என்றார் பலராம். அப்படியானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ரஹீம் சாகிப் போய்விடவில்லை. பையன் வந்துபோகச் சைக்கிளுக்கு ஏற்பாடு செய்தார். அந்தச் சைக்கிளில் வந்த பையன் 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆடினார். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராகவும் பெருவுக்கு எதிராகவும் கோல் போட்டார். இந்தியா கண்ட முன்கள ஆட்டக்காரர்களில் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படும் அவர் 2023இல் காலமானார்.

இந்தச் சைக்கிள் கதையைப் படித்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு. முதலில் ஆசானின் கதையை முடித்துவிடுகிறேன்.

1951இல் புதுதில்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தபோது இந்திய அணியின் பயிற்சியாளர் ரஹீம் சாகிப்தான். இறுதி ஆட்டத்தில் மேவாலால் அடித்த ஒரே கோலால் ஈரானை வென்று இந்தியா தங்கம் பெற்றது. பாராட்டு மாலைகளின் வாசம் அடங்குவதற்குள் அடுத்த ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பேரிடி விழுந்தது. குளிரும் ஈரமுமான தரையில் நம்மவர் பலர் வெறுங்காலோடு ஆட, யூகோஸ்லாவியாவிடம் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் இந்தியா தோற்றது. இத்தகைய தோல்விக்குப்பின் பழியைப் பிறர் தலையில் போடுவோர் உண்டு. வாத்தியாரோ தோல்வியைப் பாடப்புத்தகமாக எடுத்துக்கொண்டார். பூட்ஸ் அணிவது கட்டாயமாயிற்று. அந்த ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஹங்கேரியரின் ஆட்டமுறையை அவர் ஆராய்ந்தார். நடு முன்கள ஆட்டக்காரரைச் சற்றுப் பின்னால் நிறுத்தி எதிரணியின் காவலைக் குழப்பும் உத்தியை நம்மவருக்கும் பழக்கினார்.

நான்கே ஆண்டுகளில் பலன் தெரிந்தது. 1956இல் மெல்போர்னில், ஆட்டத்தை நடத்தும் ஆஸ்திரேலியாவையே நான்குக்கு இரண்டு என்று இந்தியா வென்றது. நெவில் டிசூசா அதில் மூன்று கோல்கள் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்குச் சென்ற முதல் ஆசிய நாடு இந்தியா. அரையிறுதியில் யூகோஸ்லாவியாவிடம் நாலுக்கு ஒன்று என்றும், மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் மூன்றுக்குச் சுழியம் என்றும் தோற்று நான்காம் இடம் பெற்றது. பத்து கோல் வாங்கிய அதே யூகோஸ்லாவியாவுக்கு எதிராக இம்முறை முதல் கோல் போட்டது இந்தியாதான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

1960இல் ரோம். ஹங்கேரி, பிரான்சு, பெரு என்று மூன்றும் வலுவான எதிரிகள். ஹங்கேரியிடம் இரண்டுக்கு ஒன்று என்று போராடித் தோற்றோம். பிரான்சுடன் ஒன்றுக்கு ஒன்று என்று சமன் செய்தோம். பெருவிடம் மூன்றுக்கு ஒன்று என்று தோற்றோம். இந்த ரோம் பயணத்தில் என்னை நிறுத்தி வைத்த செய்தி கோல் கணக்கில் இல்லை. ரஹீம் சாகிப்பின் மகன் சையத் ஷாகித் ஹக்கீம் அந்த அணியில் இருந்தார். தகுதியால் இடம் பெற்றவர்; பிற்காலத்தில் பன்னாட்டு நடுவராகவும் விளங்கியவர். ஆயினும் ரோமில் ஓர் ஆட்டத்திலும் அவர் களம் இறங்கவில்லை. பயிற்சியாளர் தந்தை, வெளியில் அமர்ந்திருந்தவர் மகன். ஒலிம்பிக்கில் ஆடினான் என்ற பெயரைத் தம் பிள்ளைக்கு வாங்கித்தர அந்தத் தந்தைக்கு ஒரு சொல் போதும். அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை.

இனி 1962, ஜகார்த்தா. இதைச் சொல்லும்போது அந்த ஓய்வுபெற்ற ஆசிரியரின் குரல் தழுதழுத்தது. ரஹீம் சாகிப்பின் உடலுக்குள் அப்போது புற்றுநோய் புகுந்திருந்தது. வெளியே பகை சூழ்ந்திருந்தது. இஸ்ரேலையும் தைவானையும் போட்டிகளிலிருந்து இந்தோனேசியா விலக்கியதை இந்தியாவின் குரு தத் சோந்தி கண்டித்ததால், ஜகார்த்தா மக்களின் கோபம் நம் ஆட்டக்காரர்கள்மேல் திரும்பியது. இந்தியத் தூதரகமே தாக்கப்பட்டது. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் இரண்டு கோல் வாங்கித் தோற்றோம். தாய்லாந்தை நாலுக்கு ஒன்று என்று வென்ற ஆட்டத்தில், பின்களத்தின் தூணாக நின்ற ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று.

பஞ்சாபின் மாஹில்பூர் கல்லூரி மைதானத்தில் ஆடி வளர்ந்தவர் ஜர்னைல் சிங். தலையில் கட்டோடு நிற்கும் அவரைப் பின்களத்திலும் நிறுத்த முடியாது, வெளியில் உட்கார வைக்கவும் மனமில்லை. ரஹீம் சாகிப் ஒரு முடிவு எடுத்தார். தென்வியட்நாமுக்கு எதிரான அரையிறுதியில் அவரை முன்களத்துக்கு அனுப்பினார். இந்தியா மூன்றுக்கு இரண்டு என்று வென்றது. இறுதி ஆட்டத்தில் மீண்டும் தென்கொரியா. அதற்கு முந்திய இரவில் அவர் தம் பிள்ளைகளை அழைத்து, தமக்கு அவர்கள் தரும் பரிசாக நாளை தங்கம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டாராம். அதுவரை அவர் யாரிடமும் எதையும் கேட்டதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

1962 செப்டம்பர் 4. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கூடிய அரங்கம் முழுவதும் எதிர்க்குரல். சூனி கோஸ்வாமி தலைமையில் நம் அணி இறங்கியது. காய்ச்சலில் படுத்திருந்து தேறிய பீட்டர் தங்கராஜ் கோல் காத்தார். அவரும் தமிழர். நீலகிரி வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமென்ட் மையத்தில் ஆடி வந்தவர். முதலில் முன்கள ஆட்டக்காரராக இருந்து, பின்பு கோல்கீப்பராக மாறி, ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று பெயர் பெற்றவர். பதினேழாம் நிமிடத்தில் பி.கே. பானர்ஜி ஒரு கோல் போட்டார். சிறிது நேரத்தில் ஜர்னைல் சிங் மற்றொன்று போட்டார். கொரியா கடைசி நேரத்தில் ஒன்றைத் திருப்பியது. ஆட்டம் இரண்டுக்கு ஒன்று என்று முடிந்தது. கேட்ட பரிசை ஆசானிடம் கொடுத்தார்கள் மாணவர்கள்.

அதன்பின் அவர் அதிக நாள் இருக்கவில்லை. 1963ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் தம் 53ஆம் வயதில் ஐதராபாத்தில் காலமானார். அவருக்குப்பின் இந்தியா ஒலிம்பிக் கால்பந்தில் ஒரு முறையும் ஆடவில்லை. ஆசிய விளையாட்டில் 1970இல் வெண்கலம் கிடைத்தது. தங்கம் பிறகு கிடைக்கவே இல்லை. 2024இல் மைதான் என்ற இந்தித் திரைப்படம் வந்தபின்தான் நம் வயதுப் பிள்ளைகள் பலர் அவர் பெயரை அறிந்தார்கள்.

வள்ளுவப் பெருந்தகை தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரமும், தெரிந்து வினையாடல் என்று அடுத்த அதிகாரமும் வைத்தார். ஆராய்ந்து ஆளைத் தேர்ந்தெடுப்பது ஒரு கலை, தேர்ந்தவனிடம் வேலையை நம்பி விடுவது இன்னொரு கலை என்பது அந்த வரிசையின் கருத்து. ரஹீம் சாகிப்பின் வாழ்வைப் படித்தபின் இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. தேர்ந்தவன் வந்து சேர வழி செய்வதே அது. சைக்கிள் இல்லாமல் பலராம் இல்லை.

இப்போது என் நோட்டுக்கு வருகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஜவ்வாது மலையிலிருந்து ஒரு மாணவன் நம் கல்லூரியில் சேர்ந்தான். அதிகம் பேசமாட்டான். பந்து அவன் காலுக்கு வந்தால் மட்டும் எங்கள் வேப்பமரத்தடி பேச்சை நிறுத்திவிட்டுப் பார்க்கும். ஆனால் நாள்தோறும் பயிற்சி முடிய அரைமணி நேரம் இருக்கும்போதே பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். பௌர்ணமி நாட்களில் வரவே மாட்டான். ஒரு மாதம் பார்த்தேன். ஒழுங்கில்லாதவன் என்று பெயருக்கு எதிரே எழுதி ஒரு கோடு அடித்தேன். அந்த இடத்தில் என்னோடு பள்ளியில் படித்த நண்பனின் பெயரை எழுதினேன். நண்பன் மோசமான ஆட்டக்காரன் அல்லன். நல்ல ஆட்டக்காரனும் அல்லன். மண்டலப் போட்டியின் முதல் சுற்றிலேயே நாங்கள் தோற்றுத் திரும்பினோம்.

ஏன் முன்னதாகப் போகிறாய் என்று அவனிடம் நான் ஒரு முறையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு வரியில் பதில் கிடைத்திருக்கும். மலைக்குப் போகும் கடைசி பஸ் நம் பயிற்சி முடியும் வரை காத்திருக்காது. பௌர்ணமியில் கிரிவலக் கூட்டத்தால் பஸ்கள் ஊருக்கு வெளியே நின்றுவிடும். அன்று மாலை வரை தங்கினால் வீடு போய்ச் சேர முடியாது. இவ்வளவுதான் விஷயம். இலவச பஸ் பாஸ் அவனிடம் இருந்தது. இரவு தங்க ஓர் இடம்தான் இல்லை. கோவிலுக்குப் பின்னால் நான் வாடகைக்கு இருக்கும் அறையில் மூன்று பேர் படுக்கலாம். நாங்கள் இருவர்தான் இருந்தோம்.

ரஹீம் சாகிப்பைப் பற்றிப் படித்த பின் அவனைத் தேடினேன். முதலாண்டுத் தேர்வோடு படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டதாக அவன் ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். அணியில் இருந்திருந்தால் படிப்பை விட்டிருக்கமாட்டான் என்று நான் உறுதியாகச் சொல்ல முடியாது. விட்டிருப்பான் என்றும் சொல்ல முடியாது. அந்தக் கோடு என்னவோ நோட்டில் அப்படியே இருக்கிறது. அதை நான் அழிக்கவில்லை.

நண்பர்களே, அடுத்த ஆண்டும் வேப்பமரத்தடியில் கூடுவோம். யார் வருவார், யார் போவார், கோப்பை கிட்டுமா என்று பேசுவோம். பேசாமல் நம்மால் இருக்க முடியாது. அந்தப் பேச்சில் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். வருகிறவன் எந்த ஊரிலிருந்து, எந்த பஸ்ஸில், என்ன சாப்பிட்டுவிட்டு வருகிறான் என்று கேட்போம். இந்த ஆண்டு முதலாண்டு மாணவர்களில் தண்டராம்பட்டுப் பக்கத்திலிருந்து ஒருவன் வந்திருக்கிறான். வலது பக்கம் காற்றாய் ஓடுகிறான். அவனும் பயிற்சியின் நடுவே அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்ப்பதைக் கவனித்தேன்.

என் அறையில் மூன்றாவது பாய் விரித்தாகிவிட்டது.